ஆறாம் தொட்டியில் ஒரு ஹெலிகாப்டர்

எழுதத் தெரிந்தவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதுவரை நான் எழுதியதில் நீளமானது லீவுக் கடிதம். அதிலும் "வயிற்று வலி" என்பதைத் தாண்டி என் கற்பனை போனதில்லை. ஆனால் இந்தக் கதையை எங்கள் அண்ணி, வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, அதில் வருகிற ஹெலிகாப்டர் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது. போன தீபாவளிக்கு உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அதனால், நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதிவைத்துவிடலாம் என்று துணிந்தேன்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலை ஆலையில் எனக்கு வேலை. மலையிலிருந்து கொழுந்து வந்தால் முதலில் என் கைக்குத்தான் வரும். மேல்மாடியில் எட்டு நீளத் தொட்டிகள் இருக்கின்றன. அடியில் கம்பி வலை. வலைமேல் கொழுந்தை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, கீழிருந்து விசிறியால் காற்று விடுவோம். பதினாலு, பதினாறு மணி நேரத்தில் கொழுந்து ஈரம் இழந்து துவண்டுவிடும். பிறகு தரையில் உள்ள துவாரம் வழியாகத் தள்ளினால், கீழே இருக்கும் உருட்டு மிஷினில் விழும். இந்த வாட்டுகிற வேலைக்கு வெள்ளைக்காரத் துரைமார் வைத்துவிட்டுப் போன ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வாயில் அது "வெதரிங்". நான் வெதரிங் மணியம். (ஆலையில் மொத்தம் மூன்று மணியம். மற்ற இருவர் லோரி மணியம், பல்லு மணியம். எனக்கு வாய்த்தது பரவாயில்லை.) இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வினை அதில்தான் இருந்தது.

என் பொழுதுபோக்கு, பிளாஸ்டிக்கில் போர் விமானம் கட்டுவது. அண்ணன் மகளுக்கு யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த பெட்டியைத் திறந்தால், பொம்மைக்குப் பதில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள். அவள் அழுதாள். பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பது வயது. பேச்சு அதிகம் வராதவனுக்கு அது நல்ல வேலை. சாமணத்தால் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பசை காய்வதற்காக மூச்சை அடக்கியிருக்கும்போது, ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு வருடத்தில் ஆறு விமானங்கள் என் ஜன்னலோரம் நின்றன. எல்லாம் புதுச் சட்டி மாதிரி பளபளவென்று இருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஜெசிந்தாவைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். (அண்ணி, இந்த இடத்தைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்.)

ஆலையைப் பார்க்க வருகிற சுற்றுப்பயணிகளை அழைத்துப்போய் விளக்குவது ஜெசிந்தாவின் வேலை. மலாயிலும் ஆங்கிலத்திலும் தண்ணீர் மாதிரி பேசுவார். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போனது என்று லயத்தில் சொல்வார்கள். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆலையில் எல்லாரையும் அண்ணே, தம்பி என்று கூப்பிடுகிறவர், என்னை மட்டும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. தேநீர்க் குவளையை நீட்டும்போது "இந்தாங்க" என்பார். அந்த "இந்தாங்க"வை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடம் ஓட்டினேன்.

ஒருநாள் அவரே என்னிடம் வந்தார்.

"நீங்க பிளேன் கட்டுவீங்களாமே?"

"சும்மா, பொழுது போறதுக்கு."

கைபேசியில் ஒரு படம் காட்டினார். இளம் வயதில் அவருடைய அப்பா ஒரு நூரி ஹெலிகாப்டரின் வாலோரம் நின்றார். நூரி என்றால் மலாயில் ஒரு கிளி. நம் நாட்டு ஆகாயப் படையில் காடு மலையெல்லாம் பறந்த பச்சை ஹெலிகாப்டர் அது. அவர் அப்பா அதற்கு மெக்கானிக்.

"இத கட்ட முடியுமா? அப்பாவோட சாமான் ஒண்ணுமே எங்கிட்ட இல்ல. தம்பி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான்."

"முடியும்" என்றேன். அவர் கேட்டிருந்தால் நிஜ நூரியையே கட்ட முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஆனா புதுசு மாதிரி வேணாம். இங்க பாருங்க, புகை போற இடத்துல கருப்பா, எண்ணெய் வழிஞ்சு. அப்பா சொல்லுவாரு, பறக்குற மிஷினு அழுக்காத்தான் இருக்கும்னு. எனக்கு அந்த அழுக்கு வேணும்."

அடுத்த மாதம் இன்னொரு சேதி வந்தது. ஜெசிந்தாவுக்கு ஈப்போவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரச் சனிக்கிழமை ஆலையில் கடைசி நாள். அதற்குள் நூரியை முடித்து, அவர் கையில் கொடுத்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். "ஈப்போ போனாலும் எனக்கு ஒரு போன் போடுங்க." இவ்வளவுதான். இதற்கு எட்டு நாள் பயிற்சி எடுத்தேன். மோட்டாரில் போகும்போது தலைக்கவசத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். அங்கே மிக நன்றாக வந்தது.

வியாழக்கிழமை பச்சைச் சாயம் அடித்து முடித்தேன். அழுக்கு எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் விமானம் கட்டுகிறவர்கள் குழு ஒன்று உண்டு. அதில் ஈப்போ சேகர் பெரிய கைகாரர். அவருக்குப் போன் செய்தேன்.

"பெயிண்டு முடிச்சிட்டீங்களாண்ணே?" என்றார் சேகர்.

"முடிச்சாச்சு. இப்ப அது பழசு மாதிரி தெரியணும்."

"அதுக்கு வெதரிங்தான். அது செய்யலன்னா வெறும் பொம்மதான்லா."

"வெதரிங்கா? இதுக்குமா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க. வெதரிங்லதான் உயிரே இருக்கு. செஞ்சாத்தான் களைச்சுப்போன மாதிரி வரும்."

"தம்பி, நான் பத்தொம்பது வருசமா வெதரிங்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

சேகரின் குரலில் ஒரு மரியாதை வந்தது. "சொல்லவே இல்லையேண்ணே. அப்ப நீங்க மாஸ்டர். நான் என்னத்த சொல்லிக் குடுக்குறது."

"எவ்வளவு நேரம் விடணும்?"

"அவசரப்படாதீங்க. ஒரு நாள் எடுத்துக்குங்க. நடுவுல நடுவுல பாத்துக்கணும். ரொம்ப ஆயிட்டா கெட்டுடும். உங்களுக்குத் தெரியாததா."

எனக்குத் தெரியாததா. கொழுந்துக்கும் அச்சு அசலாக அதே கதைதான். போனை வைத்தபோது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. உலகத்தில் நான் உருப்படியாகக் கற்றது ஒரே தொழில். அது ஹெலிகாப்டருக்கும் பொருந்தும் என்று யார் நினைத்தார்கள்? யோசித்துப் பார்த்தால் நியாயமாகவும் பட்டது. இந்தப் பனியில் எங்கள் வீட்டில் துணியே மூன்று நாள் காயாது. சாயம் எங்கே காயும்? தொட்டியில் காற்று கீழிருந்து சீராக வரும். இலைச் சாறு கொஞ்சம் பட்டால் அழுக்கும் ஆகும். (ஒரு முட்டாள்தனத்துக்கு இத்தனை காரணம் கண்டுபிடிக்க மூன்றாம் பாரம் போதும்.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறாம் தொட்டியின் ஓரத்தில், கொழுந்துக்குள் ஒரு குழி செய்து, நூரியைப் படுக்கவைத்து, மேலே இலையை மூடினேன். மேனேஜர் துரை கண்ணில் படக்கூடாதல்லவா. மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் அந்தத் தொட்டி வாடும். அதற்குள் எடுத்துவிடலாம்.

சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கம்போங் ராஜா கடைத்தெருவுக்குப் போனேன். நூரியை வைத்துக் கொடுக்க, மேலே கண்ணாடித் தாள் போட்ட கேக் பெட்டி ஒன்று வேண்டும். பெட்டி கிடைத்தது. திரும்பும்போது கோலா தெர்லாவில் ஒரு முட்டைக்கோஸ் லோரி முன்னால் மாட்டிக்கொண்டது. வளைவுக்கு வளைவு அது யோசித்து யோசித்துத் திரும்பியது. நான் பின்னால் என் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு அது முன்னைவிட நன்றாக வந்தது.

ஆலையில் மேல்மாடிக்கு ஏறினால், ஆறாம் தொட்டியில் கம்பி வலை மட்டும் இருந்தது. என் கூட்டாளி சின்னப்பன் துடைப்பத்தோடு நின்றான்.

"ஆறு எங்கடா?"

"நல்ல காத்துலா. சீக்கிரம் வாடிருச்சு. இப்பதான் தள்ளிவிட்டேன்."

படியில் நான் இறங்கினேனா உருண்டேனா என்று தெரியாது. தலைக்கவசம் தலையில் இருந்ததால் அடிபடவில்லை. கீழே கம்பி வேலிக்குப் பின்னால் இருபது சுற்றுப்பயணிகள். அவர்களுக்கு முன்னால் ஜெசிந்தா. கடைசி நாள் என்று நீலச் சேலை கட்டியிருந்தார். இங்கே இலை மெதுவாக உருண்டு சாறு விடும் என்று கையால் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, மிஷின் "கடக்" என்றது. பிறகு, "கடகடகட". பிறகு நின்றுவிட்டது.

மெக்கானிக் செல்வம் மூடியைத் திறந்து கைவிட்டான். முதலில் ஒரு விசிறி இறக்கை வந்தது. அடுத்து ஒரு குட்டிச் சக்கரம். பிறகு ஒரு கதவு. ஒவ்வொன்றாகப் பக்கத்து மேசைமேல் வரிசையில் வைத்தான். சுற்றுப்பயணிகளில் ஒரு சீன அம்மாள், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்.

துரை வந்தார். சின்னப்பனும் துடைப்பத்தோடு இறங்கி வந்தான்.

"இவ்வளவு பெரிய சாமான், உன் கண்ணுல படலையா?" என்றார் துரை.

"பச்சையா இருந்துச்சு துரை" என்றான் சின்னப்பன்.

போர் விமானத்துக்கு ஏன் பச்சைச் சாயம் அடிக்கிறார்கள் என்பது அன்று எங்கள் ஆலையில் நிரூபணம் ஆனது.

"யாரோடது இது?"

"என்னோடது துரை" என்றேன். தலைக்கவசத்தை அப்போதுதான் கழற்றினேன்.

"தொட்டியில எதுக்கு வச்ச?"

"வெதரிங் செய்யணும்னு சொன்னாங்க துரை."

துரை என்னை ஒரு தடவை பார்த்தார். மேசைமேல் இருந்த இறக்கையை ஒரு தடவை பார்த்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். அது வேற வெதரிங், வெயிலும் மழையும் பட்ட மாதிரி கறை பூசுவது, இது இலை வாட்டுற வெதரிங், இங்கிலீஷ்ல எழுத்தே வேற என்று அவர் விளக்க விளக்க, செல்வம் சிரித்தான், சின்னப்பன் சிரித்தான், வேலிக்குப் பின்னால் ஒன்றும் புரியாதவர்களும் சிரித்தார்கள்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. வேலியைத் திறந்துகொண்டு வந்தார். செல்வம் கடைசியாக எடுத்த வால் பகுதி மட்டும் உடையாமல் இருந்தது. அதைக் கையில் எடுத்தார். அரைபட்ட இலைச் சாறு காற்றுப்பட்டால் கறுத்துவிடும். அந்த வால் முழுக்கக் கறுப்பும் பழுப்புமாகக் கோடுகோடாக வழிந்திருந்தது. புகை வழிந்த மாதிரி, எண்ணெய் வழிந்த மாதிரி.

"இப்படித்தான் இருக்கும்" என்றார். "அப்பா நின்ன இடத்துல, சரியா இப்படித்தான் இருக்கும்."

சேலை முந்தானையால் அதை மெதுவாகச் சுற்றிக்கொண்டார். நான் கேக் பெட்டியை நீட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"இது போதும்" என்றார். போகவில்லை. அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்தார். "வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

எட்டு நாள் பயிற்சி. தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் தலைக்கவசம் கையில் இருந்தது.

"ஏழாம் தொட்டியத் தள்ளணும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். சுற்றுப்பயணிகளிடம் திரும்பிப் போனார்.

ஆறாம் தொட்டி இலையும், மிஷின் நின்றதால் கெட்டுப்போன ஏழாம் தொட்டி இலையும் உரக் குழிக்குப் போயின. இலையில் என்ன கலந்தது என்று நிரப்ப வேண்டிய பாரத்தில் கல், கம்பி, குச்சி, மற்றவை என்று நான்கு கட்டங்கள் இருந்தன. கணக்கெழுதும் கிராணி ரொம்ப நேரம் யோசித்து, "மற்றவை" கட்டத்தில் "ஹெலிகாப்டர், ஒன்று" என்று எழுதினார். அந்தப் பாரத்தின் நகல் இன்றைக்கும் ஆலை அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார்கள். அண்ணிக்கோ என் ஆயுளுக்கும் போதுமான சரக்கு. எங்கேயாவது பெண் இருக்கிறது என்று தரகர் வந்தால், "எங்க கொழுந்தனார் அவசரப்பட மாட்டாரு. பதினாறு மணி நேரம் வாட்டிட்டுத்தான் சொல்லுவாரு" என்பார்.

சேகரிடமிருந்து பிறகு சரியான வெதரிங் கற்றுக்கொண்டேன். கரித்தூள், பஞ்சு, நீர்த்த எண்ணெய்ச் சாயம். ஜன்னலோரத்து ஆறு விமானங்களையும் அழுக்காக்கிவிட்டேன். இரண்டாவதாக ஒரு நூரியும் கட்டினேன். வால் மட்டும் சரியாக வரவில்லை. எவ்வளவு பூசினாலும் அந்தக் கறுப்பு வரமாட்டேன் என்கிறது. ஏன் அனுப்பிவைக்கவில்லை என்று அண்ணன் கேட்டபோது, முகவரி தெரியாது என்று சொன்னேன். (தெரியும்.)

மிஷின் நின்றதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெசிந்தா காலை பஸ்ஸில் ஈப்போவுக்குப் போனார். நானும் செல்வமும் உருட்டு மிஷினைக் கழற்றிக் கழுவினோம். மத்தியானம் வேலை முடிந்தது.