ஆசீர்வாதத்துக்கு முன்னால் வந்த சுடுதண்ணி

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. "இந்த வேலை ஆருக்குத் தெரியும்?" என்று யாராவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் என் வாய் "எனக்கு" என்று சொல்லிவிடும். மூளை பிறகுதான் வந்து சேரும். இப்படிச் சொல்லி ஒரு கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, அக்காவின் தையல் மெசின், பக்கத்து வீட்டு மடாமின் கதவுப் பூட்டு எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறேன். அவற்றைத் திருத்த ஆள் கிடைத்தது. திருத்த ஆள் கிடைக்காத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் அதை இருபது வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன், மற்றவர்களைவிடச் சத்தமாக.

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ இருக்கும். மொன்றியலுக்கு வந்து எனக்கு இரண்டாவது வருடம். பார்க் எக்ஸ்டென்ஷனில் பிலோமினா அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் கணவர் மரியநாயகம் அத்தான் கண்ணாடி துடைக்கிறவர். சொந்தமாக ஒரு வெள்ளை வான் வண்டி, அதற்குள் ஒரு பெரிய தண்ணித் தொட்டி, ஒரு சின்னப் பம்ப், நீளக் கம்பு, வாளிகள். கடைகளும் கிளினிக்குகளும்தான் வாடிக்கை.

அத்தானுக்கு இரண்டு உலகம். கிழமை நாட்களில் கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் கீபோர்ட். அவருக்குப் பதினொரு பாட்டுத் தெரியும். பதினொன்றையும் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் வாசிப்பார். பாடகர் குழு அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடும். (தவக்காலப் பாட்டுக்குக்கூட ஆட்கள் கால் தட்டியது உண்டு.) ஆனால் வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்ல மனம் வராது. கிழமை முழுக்க மற்றவர்களின் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற மனுசன், அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் உள்ளே இருப்பார்.

அந்த விரல்கள்தான் பிரச்சினை. கார்த்திகை பிறந்தால் தண்ணி ஐஸ் போல இருக்கும். எந்தக் கையுறை போட்டாலும் மூலை துடைக்க அதைக் கழற்றவேண்டும். மற்ற ஆட்கள் தண்ணி உறையாமல் இருக்க, கார் கண்ணாடிக்கு விடுகிற நீலத் தண்ணியை அதில் கலந்து சமாளிப்பார்கள். அத்தானுக்கு அது ஒத்துவராது, தோல் வெடித்து இரத்தம் வரும். அந்த வருடம் இரண்டு விரல் அடிக்கடி வெள்ளையாய்ப் போய், வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் நிறம் திரும்பியது. டொக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் குளிர் தண்ணியில் கை வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வானுக்குள்ள கேஸ் ஹீட்டர் பூட்டினா தண்ணி சுடச்சுட வருமாம்," என்றார் அத்தான் ஒருநாள் சாப்பிடும்போது. "இத்தாலிக்காரன் ஒருத்தன் வைச்சிருக்கிறான். ஆனா பூட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்."

"எனக்குத் தெரியும் அத்தான்," என்றேன்.

அக்கா கறிக் கரண்டியோடு திரும்பினாள். "உனக்கு எப்படா கேஸ் வேலை தெரியும்?"

"ரெஸ்டோரண்டில ஒவ்வொரு நாளும் கேஸோடதானே நிக்கிறன்."

உண்மை. கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை லீவு எடுத்து அதை வானுக்குள் பொருத்திப் பூட்டினேன். சுவரில் மாட்டுகிற சின்ன ஹீட்டர். அதோடு பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம். முதல் மூன்று பக்கத்தில் படம் இருந்தது, அவற்றைப் பார்த்தேன். மிச்சம் முழுக்க எழுத்தாக இருந்ததால், விசயம் படத்தோடு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். புகை போகக் கூரையில் ஓட்டை வெட்டவேண்டும். வெட்டினேன். வெட்டிய பிறகுதான் அது சாரதியின் தலைக்கு நேரே இருப்பது தெரிந்தது. அதை டேப் போட்டு ஒட்டிவிட்டுப் பின்னால் இன்னொன்று வெட்டினேன். (பிறகு அந்த வான் இருந்த காலம் முழுக்க அத்தான் தொப்பி போட்டுத்தான் ஓட்டினார்.) புகைக் குழாய்க்குள் மழை விழாமல் இருக்க அக்காவின் சோற்றுப் பானை மூடியைக் கம்பியால் கட்டினேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டாள்.

பின்னேரம் அத்தான் வந்து பார்த்தார். ஹீட்டரைத் தடவினார், என் முதுகில் தட்டினார்.

"போட்டுப் பாப்பமே அத்தான்?"

"சீச்சீ. ஞாயிறு பூசை முடிய பாதர் ஆசீர்வதிக்கட்டும். பேந்து போடுவம்."

அது அவருடைய சட்டம். புதுச் சாமான் எதுவும் ஆசீர்வாதம் இல்லாமல் அந்த வீட்டில் வேலை செய்யாது. புது ரைஸ் குக்கர்கூட ஒரு கிழமை மேசையில் இருந்து தீர்த்தத்துக்குக் காத்திருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அத்தான், பின்னால் ஹீட்டர் தொங்க, வாளியில் பச்சைத் தண்ணி கொண்டுபோய்க் கண்ணாடி துடைத்தார். இன்னும் இரண்டு நாள்தானே என்றார்.

எனக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை முழுக் கோயிலும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வேலை செய்யாவிட்டால்? வெள்ளிக்கிழமை பின்னேரம் அத்தான் பாட்டுப் பழகக் கோயிலுக்குப் போனதும் இரண்டு வாளி தண்ணியோடு களவாகக் கீழே இறங்கினேன். தொட்டியில் ஊற்றி, பம்பைப் போட்டு, பைப்பைத் திறந்தேன். ஹீட்டருக்குள் நீலமாக நெருப்புப் பிடித்தது. தண்ணி முதலில் பச்சையாக வந்தது, பிறகு வெதுவெதுப்பாக, பிறகு நல்ல சூடாக. வானுக்குள் ஆவி பறந்தது. அந்த நாட்டில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அது. வாளி நிரம்பி வழியும்வரை கையை அதில் வைத்துக்கொண்டு நின்றேன். சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது.

பிறகு தடயத்தை அழித்தேன். தொட்டியை வெறுமையாக்கி, நிலத்தைத் துடைத்து, மேலே போய்ப் பிள்ளைப் பூச்சி மாதிரி இருந்தேன். ஹீட்டருக்குள் இருக்கிற செப்புக் குழாயில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணி நின்றுவிடும், குளிர் நாட்டில் அதைத் தனியாகத் திறந்து வடிக்கவேண்டும் என்பது அந்தப் புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. படம் இல்லாத பக்கம்.

அன்று இரவும் அடுத்த இரவும் குளிர் மோசமாக இறங்கியது. வான் தெருவோரம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியை நிரப்பினேன். பாதருக்குக் குளிரக்கூடாது என்று அத்தான் வழி முழுக்க வானின் ஹீட்டிங்கைப் போட்டுக்கொண்டு வந்தார். பூசை முடிய கோயில் வளவில் நாற்பது பேர் கோட்டும் தொப்பியுமாகச் சுற்றி நின்றார்கள். அக்கா எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். பாதர் செபம் சொல்லி வானுக்கு உள்ளேயும் வெளியேயும் தீர்த்தம் தெளித்தார், ஹீட்டருக்கு விசேசமாக இரண்டு தரம்.

"இனிப் போடுங்கோ," என்றார்.

"தம்பி போடட்டும்," என்றார் அத்தான். "அவன்தான் பூட்டினவன்."

பெருமையோடு ஏறிப் பம்பைப் போட்டேன். உள்ளே ஏதோ உறுமியது. அடுத்த நொடி ஹீட்டரின் முன்பக்கத்தால் தண்ணி சீறிக்கொண்டு வந்து, கதவடியில் நின்ற பாதரின் நெஞ்சில் அடித்தது. நான் பதற்றத்தில் பம்பை நிற்பாட்டுவதற்குப் பதிலாகக் கையால் பொத்தினேன். தண்ணி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி பாடகர் குழுவுக்கும் மற்றப் பாதி ரோல்ஸுக்கும் போனது. நிலத்தில் விழுந்தது அப்படியே உறைந்து வழுக்கத் தொடங்க, இரண்டு பேர் நின்ற இடத்திலேயே சறுக்கிக் குந்திவிட்டார்கள். பாதர் மூக்கு நுனியில் துளி தொங்க நின்று சொன்னார், "நான் தெளிச்சதைவிட இது கூடத் தெளிக்குது மரியநாயகம்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வானுக்குள் ஏறிப் பம்பை நிற்பாட்டினார்.

வீட்டுக் குழாய் வேலை செய்கிற ஒருவர் கூட்டத்தில் இருந்தார். மூடியைக் கழற்றி, நீளமாக வெடித்துக் கிடந்த செப்புக் குழாயைக் காட்டினார். "உள்ளுக்குத் தண்ணி நிண்டு உறைஞ்சு வெடிச்சிருக்கு. இனி இது சரிவராது."

"போடவே இல்லையே, பேந்து எப்பிடி உள்ளுக்குத் தண்ணி?" என்று அக்கா கேட்டாள்.

அந்த இடத்தில் என் வாய் திறந்திருக்கவேண்டும். எதற்கும் முந்திக்கொள்கிற வாய், அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டது.

"கடையில சோதிச்சுப் பாத்திருப்பாங்கள்," என்றார் அத்தான். "வியாழனே போட்டிருந்தா அந்தத் தண்ணி ஓடியிருக்கும். நான்தான் ஆசீர்வாதம் எண்டு மூண்டு நாள் வைச்சிட்டன். பிழை என்ரை. என்ன தம்பி?"

"ஓம் அத்தான்," என்றேன்.

கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்கவில்லை. இன்னொன்று வாங்க அந்த வருடம் வழியில்லை. கிளினிக்குக்கும் ஒரு வரிசைக் கடைகளுக்கும் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் முடித்துத் தருவதாக அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். கம்பைப் பிடிக்க நான் போனேன். ஆனால் என் துடைப்பில் கோடு விழும், அவர் வந்து திரும்பத் துடைப்பார். மூன்று கிழமை. கடைசிக் கிழமையில் இரண்டு விரல் கறுத்துப்போய் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் காட்டினோம். விரலைக் காப்பாற்றினார்கள். உணர்ச்சி திரும்பவில்லை.

நத்தாருக்கு முந்திய பாட்டுப் பழக்கத்தில் கீபோர்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார். எந்தக் கட்டையில் விரல் நிற்கிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்து அமத்தினார். பாட்டு முதல் தடவையாக மெதுவாகப் போனது. பாடகர் குழுவுக்கு மூச்சு வாங்கவில்லை. பாதியில் எழும்பி, கணக்கியல் படிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திவிட்டார். அவள் நன்றாக வாசித்தாள். அத்தான் அதற்குப் பிறகு கீபோர்ட்டைத் தொடவில்லை. ஒருநாளும் என்னைக் குறை சொல்லவும் இல்லை.

மாறாக, கதையாக்கினார். எந்த விருந்திலும் இரண்டு பேர் சும்மா இருந்தால் தொடங்கிவிடுவார். "பாதர் என்ரை வானை ஆசீர்வதிச்சார், வான் பாதரை ஆசீர்வதிச்சுது." நனைந்தவர்களின் தொகை வருடத்துக்கு வருடம் கூடியது, கடைசியில் பிசப்பும் வந்துவிட்டார். முடிவு மட்டும் மாறாது. "மூண்டு நாள் பொறுத்த பக்திக்குக் கிடைச்ச பலன்!" என்று அந்த இரண்டு விரலையும் தூக்கிக் காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒவ்வொரு தரமும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு தரமும் சிரிப்பேன்.

போன வருடம் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு இருபது வருடம் போதவில்லை.

சவ அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து, சமையலறையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, இரண்டு வாளி, ஒன்பதாம் பக்கம். அக்கா சோற்றுப் பானையின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். (மூடி இன்றுவரை இல்லை.) தட்டைச் சரியாக வைத்து முடித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"எட, எங்கட களவாளி! அவர் இருக்கேக்கை சொல்லியிருந்தா இன்னும் எவ்வளவு சிரிச்சிருப்பார்," என்றவள் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பில்தான் துடைத்தாள் என்று இன்னும் நம்ப முயல்கிறேன்.

இப்போது அக்காதான் கதையைச் சொல்கிறாள், புது முடிவோடு. போன மாதம் ஒரு ஞானஸ்நான விருந்தில், "இவர் பக்தி எண்டு காத்திருக்க, அவன் முதலே களவாப் போட்டுப் பாத்தவனாம்!" என்று முடித்தாள். மேசை அதிரச் சிரித்தார்கள். பல வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்த பாவம் ஒரு பகிடியாகப் போனது.

அத்தானின் மகள் ஷரோன் மட்டும் என் பக்கம் குனிந்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது, ரோல்ஸ் நனைந்ததுதான் ஞாபகம்.

"மாமா, அப்ப அண்டைக்கு உண்மையாவே சுடுதண்ணி வந்ததோ?"

"வந்தது பிள்ளை."

"நல்ல சூடோ?"

"ஓம்," என்றேன். "கையை எடுக்க மனம் வரேல்லை."

அவள் தலையாட்டினாள். அந்த ஹீட்டரின் சுடுதண்ணியில் கை வைத்தது நான் ஒருவன்தான்.