நோகாத ஊசியும் கேட் நானாவும்

பல்லேகலயில் எங்கள் கார்மண்ட் ஆடைத் தொழிற்சாலைக்குள், வாசலில் காவல் நிற்கும் கேட் நானாவைக் கேட்காமல் நுழைந்த சீவன் கொசு ஒன்றுதான். முதலாளியின் மாமியாரையே அடையாள அட்டை இல்லையென்று அரை மணி நேரம் மழையில் நிறுத்தி வைத்தவர். அந்த அம்மா குடைக்குள்ளிருந்து திட்டத் திட்ட, இவர் சாவகாசமாக வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

காவல் அறைச் சுவரில், ஒருமுறை துணிச் சுருளோடு பிடிபட்ட கள்ளனின் படம் ஒட்டியிருக்கும். வேலைக்குப் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு காவல்காரனையும் அதன்முன் நிறுத்துவார். "மூக்கப் பாரு, காதப் பாரு. நாளைக்கு வந்தா நீ யோசிச்சிட்டு நிக்கப்படாது, கையப் புடிக்கணும்." அந்தக் கள்ளன் அப்புறம் வரவேயில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குத்தான் அவன் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டான்.

அப்படியிருக்க, குண்டசாலையில் நானாவின் ஒரே மகளுக்குக் குறித்த நாளுக்கு இரண்டு மாதம் முந்தியே குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் ஒரு கைக்குள் அடங்குகிற உருவம். தடிமன், சளி, இருமலோடு யாரும் கிட்டப் போகக் கூடாது, பார்க்க வருகிறவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நானா அன்றே டிஸ்பென்சரிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி என் முன்னால் வந்து நின்றார். வயதில் இளையவன் என்று என்னை எப்போதும் 'மகன்' என்றுதான் கூப்பிடுவார்.

"செத்த கிருமியத்தான் மகன் உள்ளுக்கு அனுப்புற. அதால ஒண்டும் செய்ய ஏலா. சும்மா படம் காட்டுற மாதிரி. ஒடம்புல ஈக்கிற காவல்காரன் மொகத்தப் பாத்து வெச்சுக்குவான். நெசமான கள்ளன் வந்தா டக்குண்டு புடிப்பான். கள்ளன் வருசா வருசம் மீசைய மாத்துற. அதுக்குத்தான் வருசா வருசம் புதுப் படம்."

விஞ்ஞானத்தில் நான் பாஸானதே இல்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

"கை நோவுதா நானா?"

"இல்லையே."

"காய்ச்சல் கீய்ச்சல்?"

"ஒண்டுமில்ல."

"அப்ப உள்ளுக்கு உங்க ஆளுங்க தூங்கிட்டாங்க. எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு நாளு கையத் தூக்க முடியல. சண்ட நடந்தாத்தானே சத்தம் கேக்கும்?"

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நானாவின் முகம் செத்துப்போய்விட்டது. மூன்று நாள் தோளை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். நோகவில்லை. நாலாம் நாள் என்னையும் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய், சட்டையைக் கழற்றாத குறையாக உட்கார்ந்தார்.

"மிஸ், இன்னொண்டு குத்துங்க. மொதல்ல போட்டது வேல செய்யல்ல."

ஊசி போடுகிற மிஸ் யாழ்ப்பாணம். "வேலை செய்யேல்ல எண்டு ஆர் சொன்னது?"

நானா என்னைக் காட்டி, நோகாவிட்டால் உள்ளே சண்டையே நடக்கவில்லை என்று நான் சொன்னதையும் ஒப்பித்தார். நான் டிஸ்பென்சரிச் சுவரிலிருந்த ஏதோ படத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"ஐயா எங்க வேலை செய்யிறீங்கள்?"

"கேட்டுல. எட்டு வருசம்."

"கடைசியா எப்ப அங்க சண்டை நடந்தது?"

"நான் ஈக்கக்குள்ள சண்டையா? ஒண்டும் நடக்கல்ல."

"அப்ப எட்டு வருசமும் நித்திரையோ?"

நானா தூக்கிவிட்டிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"சிலபேருக்கு நோகும், சிலபேருக்கு நோகாது. நோகாட்டியும் வேலை நடக்கும். உடம்பு ஆயத்தமாக ரெண்டு கிழமை வேணும். அதுக்குப் பிறகும் தடிமன் கிடிமன் இருந்தால் பிள்ளையத் தூக்காதேங்கோ. இவர் சொல்லுறதக் கேக்கவும் வேண்டாம்."

ரெண்டு கிழமை என்றால் நானாவுக்கு ரெண்டு கிழமைதான். காவல் அறைக் கலண்டரில் தினமும் ஒரு கோடு. சாயந்தரம் மகள் வீட்டு ரோட்டில் நின்று, அவள் ஜன்னலில் தூக்கிக் காட்டுகிற துணி மூட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். "உள்ளுக்கு வாங்களேன் வாப்பா" என்று அவள் கெஞ்சினாலும் படியில் கால் வைக்கவில்லை. பதினான்கு நாள் முடிந்தும் ஒரு நாள் சேர்த்துக்கொண்டார். "புதுசா வந்தவன தனிய விட முந்தி ஒரு நாள் பாக்கணும் மகன்."

அடுத்த நாள் நானும் கூடப் போனேன். வாசலில் நானாவின் கை குறுக்கே விழுந்தது.

"நீ ஊசி போட்டீக்கியா?"

"எனக்கு ஊசின்னா பயம் நானா."

"அப்ப ரோட்டுல நில்லு."

நின்றேன். ஜன்னல் வழியே பார்த்தால், முழங்கை வரை கழுவிய கைகளில் குழந்தையை ஏந்திக்கொண்டு, மாஸ்க்குக்குள் மூச்சுகூட விடாமல் அசையாமல் இருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அழுதீங்களா நானா?"

"மாஸ்க் இறுக்கம்." கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னார், "நாளைக்கு உனக்கும் போடுவம். என்ட மகளுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. புள்ளைக்கு மாமா ஒருத்தன் வேணுமே."

போட்டுக்கொண்டேன். கை ரெண்டு நாள் நன்றாகவே நொந்தது. நானா இப்போது எனக்காகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எத்தனை பாக்கி என்று நானும் எண்ணிப் பார்க்கிறேன்.