நாற்பத்தேழாம் எண் தாடை

ஒரு காட்டில், டவர் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே புற்றுக்கு அடியில், கனகசபை என்றொரு பெருச்சாளி இருந்தது. வளை தோண்டுவது அதன் தொழில். வழியில் கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பது அதன் வியாதி. பாம்புச்சட்டை, கல்லாகிப்போன நத்தை, எந்த ராஜாவோ தொலைத்த செப்புக்காசு, பானை ஓடு என்று பன்னிரண்டு வருடத்தில் வளைக்குள் படுக்க இடமில்லை. கடைசியில் எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்தில் ஓர் அருங்காட்சியகம் திறந்துவிட்டது.

முதல் மாதம் மூன்று வருகைகள். இரண்டு கனகசபையே. மூன்றாவது ஒரு தவளை. ஈ படம் ஒன்றுகூட இல்லையே என்று திட்டி எழுதிவிட்டுப் போனது.

கனகசபை அசரவில்லை. அதற்கு ஒரு கொள்கை இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை: பெயர், நாள், கிடைத்த இடம். இடம் தெரியாத பொருள் வெறும் குப்பை என்று முகப்பிலேயே எழுதி வைத்திருந்தது.

அந்தக் கொள்கைப்படிதான் நாற்பத்தேழாம் எண் அட்டையையும் எழுதியது. "முயலின் தாடை. முன்பல் பாதி உடைந்தது. நாள்: சித்திரை ஒன்பது. கிடைத்த இடம்: காட்டுப்பூனை பூவலிங்கம் அவர்களின் குகை வாசல், இடப்பக்கம், மூன்றடி தள்ளி."

பூவலிங்கம் லேசுப்பட்ட ஆளில்லை. முயல்கள் நலச் சங்கத்தின் ஆயுள்காலத் தலைவர். முயல்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்தவர்.

மறுநாள் சிட்டம்மா என்ற முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே, இது எங்க அக்கா பல்லு. பனங்கிழங்கு கடிச்சு உடைஞ்சது. அக்கா பக்கத்துக் காட்டுக்கு வேலைக்குப் போயிருக்கான்னுல்ல தலைவர் சொன்னாரு?"

சொல்லிவிட்டு அழுதது. கனகசபைக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை அடி என்று அளந்ததே ஒழிய, யார் வாசல் என்று அது யோசிக்கவேயில்லை. பாவம், அறிஞர்.

"அந்த அட்டையை மட்டும் எடுத்துடாதண்ணே. எங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி அதுதான்" என்றது சிட்டம்மா.

சாயங்காலம் தலைவரே நேரில் வந்தார்.

"தம்பி, மியூசியம் பிரமாதம். நாப்பத்தேழுதான் கொஞ்சம் உறுத்துது. கிடைத்த இடம்னு இருக்குல்ல, அங்க 'தெரியவில்லை'ன்னு போட்டுடுங்களேன்."

"ஐயா, டேப் வச்சு அளந்தேனுங்க. தெரிஞ்சதைத் தெரியலைன்னு எப்படிங்க போடுறது?"

"பெரிய பெரிய மியூசியத்துலயே போடுறாங்க, தம்பி."

"வேணும்னா இன்னொரு தடவை அளந்து பார்த்து, ரெண்டே முக்கால் அடின்னு வந்தா திருத்திடுறேங்க."

தலைவர் சிரித்தார். எல்லாப் பற்களும் தெரிந்தன. ஆனாலும் கனகசபை அட்டையை மாற்றவில்லை.

சிட்டம்மா சங்கக் கூட்டத்தைக் கூட்டி, அட்டையை எல்லாருக்கும் காட்டியது. முயல்கள் உற்றுப் பார்த்தன. பிறகு செயலாளர் முயல் எழுந்தது.

"தலைவர் வாசல்ல இந்தப் பெருச்சாளிக்கு என்ன வேலை?"

"அதானே! கையில டேப்போட போயிருக்கான்னா, திட்டம் போட்டுத்தானே போயிருக்கான்!" என்றது இன்னொன்று.

தலைவரை அவமதித்த கனகசபையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். சிட்டம்மாவைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. தீர்மானத்தில் 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கனகசபையைக் காணவில்லை. மேல்படிப்புக்காகப் பக்கத்துக் காட்டுக்குப் போயிருப்பதாகத் தலைவர் அறிவித்தார். படித்த பிள்ளை, போகவேண்டியதுதான் என்று முயல்கள் சந்தோஷப்பட்டன.

அருங்காட்சியகத்தை இப்போது சங்கமே நடத்துகிறது. முகப்பில் தலைவர் படம், பின்னணியில் நாதஸ்வரம். தினமும் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். எல்லா அட்டையிலும் கிடைத்த இடம் 'தெரியவில்லை' என்று ஒரே சீராக இருப்பதால் படிக்கச் சிரமமில்லை என்று பாராட்டுகள் குவிகின்றன. கடைசியாகச் சேர்ந்த பொருள் ஒரு பெருச்சாளி வால், அதில் சுற்றியபடி ஓர் அளவு டேப். கிடைத்த இடம்: தெரியவில்லை. அன்பளிப்பு: தலைவர்.

அதன் கீழே சிட்டம்மா "குகை வாசல், இடப்பக்கம், மூன்றடி" என்று கருத்து எழுதியது. அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அது தினமும் எழுதுகிறது.

நீதி: அருங்காட்சியகம் வைப்பவர்கள் 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தைக் காலியாகவே விடவும். நீங்கள் நிரப்பினால், அதைத் திருத்த வேறொருவர் வருவார். அப்போது நீங்கள் படத்தில் இருப்பீர்கள்.