கை விடாத மூலப்பிரதி

வேறொரு கல்லூரியில் படித்த பாடத்துக்கும் பல்கலைக்கழகப் பாடத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லையென்றால், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வேறுபாடு உண்டென்றால் அதைப் பல்கலைக்கழகமே காட்ட வேண்டும். விதி இவ்வளவுதான். ஒரு தபாலில் முடிகிற காரியம். ஆனால் விதியை எழுதியவர்கள், நாங்கள் போட்டோக்கொப்பி என்று பட்டம் வைத்திருக்கும் நண்பரைச் சந்தித்ததில்லை.

ஐரோப்பாவிலேயே காகிதத்தை அவரளவு நம்பியவரும் இல்லை, அதை வாங்கும் கையை அவரளவு நம்பாதவரும் இல்லை. கொழும்பில் ஓர் அலுவலகம் "சரிபார்த்துத் தாறம்" என்று வாங்கிய அவரது பிறப்புச் சான்றிதழ் இன்றுவரை சரிபார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து மூலப்பிரதி எதுவும் அவர் கையை விட்டுப் போனதில்லை. நாங்கள் இருக்கும் ஜெர்மன் நகரமான வுப்பர்டாலின் தொங்குரயிலில் பரிசோதகர் மாதச் சீட்டைக் கேட்டபோது, நகரசபை முத்திரை குத்திய பிரதியை நீட்டி மாட்டிக்கொண்டார். தங்கையின் கல்யாண அழைப்பிதழும் எங்களுக்குப் பிரதியாகத்தான் வந்தது. அச்சடித்த கட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் கட்டடப் பொறியியல் படித்தவர். இங்கே ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவினார். நாற்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பழைய இரண்டு வருடத்தையும் கணக்கில் எடுத்தால் படிப்பார், எடுக்காவிட்டால் தட்டுகள்தான்.

"முதலாம் வருசத்திலையிருந்து எண்டால் ஏலாது அண்ணை. வீட்டுக்காரி விடமாட்டா."

அலுவலகப் படிவங்களோடு ஆயுளைக் கழித்தவன் என்பதால் விண்ணப்பத்தை, அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் அன்ட்ராக்கை, நானே நிரப்பினேன். கணிதத்தில் அவர் எடுத்த எண்பத்திரண்டு, ஜெர்மன் கணக்கில் 1.9 ஆனது.

"என்ன அண்ணை, மிச்ச எண்பதையும் எங்கை துலைச்சியள்?"

"இஞ்சை குறையக் குறையத் திறம், தம்பி."

"அப்ப சைபர் போடுங்கோவன்!"

ஜூனில் அனுப்பினார். ஜூலையில் பதில் இல்லை. ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது: கையெழுத்திட்ட விண்ணப்பம் கிடைக்கவில்லை.

"தம்பி, நீர் கையெழுத்துப் போட்ட அன்ட்ராக் எங்கை?"

"அலுமாரிக்குள்ளை."

"அப்ப அனுப்பினது?"

"முத்திரை குத்தின பிரதி. ஏன், பிழையே?"

செப்டம்பர் முப்பதோடு சேர்க்கை முடிகிறது. மூலப்பிரதியைத் தபாலில் போடமாட்டார் என்பதால் நானே அவரைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். போட்டோக்கொப்பி விண்ணப்பத்தை நீட்டினார். அம்மா பிடித்தார். இவர் விடவில்லை. அம்மா இழுத்தார். இவரும் இழுத்தார். வரிசையில் நின்ற மாணவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"விடும் தம்பி, கிழியப் போகுது!"

"பற்றுச்சீட்டுத் தரச் சொல்லுங்கோ, விடுறன்."

இதற்கெல்லாம் பற்றுச்சீட்டு கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மொழிபெயர்த்தேன்.  அந்த அம்மா எழுந்து, அவரது பிடியை விடுவிக்காமலே அவரையும் விண்ணப்பத்தையும் சேர்த்துப் பிரதியெடுக்கும் இயந்திரத்தடிக்கு அழைத்துப் போனார். ஒரு பிரதி எடுத்தார், 'கிடைத்தது' என்று முத்திரை குத்தினார், அதை அவரது இடது கையில் வைத்தார். அப்போதுதான் வலது கை திறந்தது. எந்த விதியிலும் இல்லாத நடைமுறை. நான் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு பாடம் தவிர எல்லாம் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, சமையலறை உடுப்போடு நேரே என் வீட்டுக்கு வந்து கடிதத்தை நீட்டினார். வழக்கம்போலப் பிரதி என்று நினைத்து வாங்கினேன். கையெழுத்தின் நீல மை விரலில் ஒட்டும்போல இருந்தது.

"தம்பி, மாறித் தந்திட்டீர். இது மூலப்பிரதி."

"தெரியும். பிரதி என்னட்டை இருக்கு. இது உங்களிட்டை இருக்கட்டும் அண்ணை."

இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. கிடைத்த தேதியை மேல் மூலையில் அவரே எழுதியிருக்கிறார்: செப்டம்பர் 27.