ஆற மறுத்த வெந்நீர்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் அத்தானும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது. போனில் சொன்னால் நீ சிரித்தே என்னைக் கொன்றுவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

என் இறுதியாண்டு இயற்பியல் ஆராய்ச்சி உனக்குத் தெரியும். பஞ்சு திணித்த பெட்டிக்குள் ஒரு பாட்டில் வெதுவெதுப்பான நீர். அது எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கணினித் திரையில் வெப்பநிலைக் கோடு இறங்கிக்கொண்டே வர வேண்டும். என் கோடோ பாதியில் நின்றது, கொஞ்சம் மேலேயும் ஏறியது. மறுநாளும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. இயற்பியலையே புரட்டிப் போட்டுவிட்டேன் என்று பேராசிரியரிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் பேசுப்பா, பாக்கலாம்" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அப்பாவிடம் சொல்ல, அப்பா தெருவுக்கே சொல்ல, எதிர்வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே தன் பெண்ணுக்கு என்னிடம் டியூஷன் ஏற்பாடு செய்துவிட்டார்.

மேடையில் முகமாவது லட்சணமாக இருக்கட்டும் என்று இன்று முடி வெட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நான் இல்லாத நேரத்தில் மட்டும் கோடு சமர்த்தாக இறங்கியிருந்தது. நான் வந்து உட்கார்ந்ததும் மறுபடி திமிர். அப்போதுதான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன். மேசை ஆடுகிறதே, பெட்டி விழுந்துவிடக் கூடாதே என்று தினமும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! நீரைச் சூடாக்கியது புதிய விதி இல்லை அக்கா, உன் தம்பி.

இது இன்னும் யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு பேசிவிட்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்படி யோசித்ததே வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னாலோ மானம் கப்பலேறும். ஆகவே படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அத்தான் கடையில் பில் போட வருகிறேன். அப்பாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம், அவனாவது வேறு பாடம் எடுத்துப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் குடும்பத்தின் அறிவுக்கொழுந்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அப்பாவே போனில் கூப்பிட்டார். அவர் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப அது பொய்யாடா?"

"ஆமாப்பா."

"பொய்யுன்னு யாரு கண்டுபிடிச்சா?"

"நான்தான்பா."

"அப்புறம் என்னடா? வெள்ளிக்கிழமை அதைப் போய்ச் சொல்லு."

அழுதுவிட்டேன் அக்கா. அத்தானை வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்.