மாப்பிள்ளையை மென்று தின்ற டெக்

எங்கள் வீட்டில் எந்த மெஷினும் சும்மா இருக்கும்போது கெட்டுப்போனதாகச் சரித்திரமே இல்லை. மிக்சி என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் புகையும். தண்ணீர் மோட்டார், வந்த விருந்தாளி தலை நிறைய சோப்பைப் போட்டுக்கொள்ளும்வரை பொறுமையாகக் காத்திருந்து நிற்கும். இது சொந்த மெஷின்களின் குணம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வாடகைக்கு வந்த மெஷினும் எங்கள் வாசல்படி ஏறியதும் அதே புத்தியைப் பழகிக்கொள்ளும் என்பது ஸ்டெல்லா அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காரைக்குடியில் நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரே தகுதியை வைத்து, வீட்டில் மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் என்னை நானே மந்திரியாக்கிக் கொண்டிருந்தேன். பியூஸ் கட்டை போனால் நான்தான். ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்குப் போவதும் நான்தான். (ஒரு தடவை அழைப்பு மணியைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு மணியை அழுத்தினால் ஹாலில் டியூப்லைட் அணைந்தது. அதையும் ஒரு வசதி என்றே வாதாடினேன்.)

அக்கா பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வேலை கிடைத்து அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. அந்த நேரத்தில் ஒக்கூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அந்தோணி, மஸ்கட்டில் வேலை. அங்கே கேம்ப்பில்தான் தங்க வேண்டும், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கல்யாணமானால் அக்கா ஒக்கூரில் மாமனார் வீட்டில் இருக்க வேண்டும். அங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வரலாம். ஆனால் விடுவார்களா என்பதுதான் கேள்வி. பேச்சை எடுத்து வந்த மாப்பிள்ளையின் அத்தை ரீட்டாவிடம் அக்கா வேறு எதையுமே கேட்கவில்லை.

"கல்யாணத்துக்கப்பறம் வேலைய விடச் சொல்லுவாகளான்னு மட்டும் அவுகள்ட்ட கேட்டுச் சொல்லுங்க அத்தை. விடச் சொன்னா எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்."

மாப்பிள்ளை பதிலை நேரில் சொல்ல முடியாது. லீவு கிடைத்து அவர் ஊர் வருவதே கல்யாணத்துக்குத்தான். அதனால் நண்பர்களை வைத்து ஒரு வீடியோ கேசட் எடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். முகத்தையும் பார்த்ததாயிற்று, பதிலையும் கேட்டதாயிற்று. யோசனையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீடு என்பதுதான் குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ரீட்டா அத்தையும் அவர் கணவர் சூசை மாமாவும் கேசட்டோடு வந்துவிட்டார்கள். அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும். ஏனென்றால் விபூதிப் புதன் நெருங்கிக்கொண்டிருந்தது. அது வந்துவிட்டால் தவக்காலம், கல்யாணம் கிடையாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தாக வேண்டும். (இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பதுதான் ஓலை.) அன்று சாயங்காலத்துக்குள் சாமியாரிடம் பேர் கொடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். தவறினால் தவக்காலத்துக்குள் மாப்பிள்ளையின் லீவும் முடிந்துவிடும், அவரும் போய்விடுவார்.

முந்தின நாளே வீடியோ கடையிலிருந்து டெக் எடுத்து வந்திருந்தேன். (கேசட்டைப் போட்டுப் படம் பார்க்கும் பெட்டிக்கு டெக் என்று பேர். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.) கடைக்காரர், டிவி, டெக், போட்டுக்காட்ட ஓர் ஆள் என்று மூன்றையும் சேர்த்துத்தான் அனுப்புவார். டிவி எங்கள் வீட்டிலேயே இருந்தது, ஆளையும் நான் வேண்டாம் என்றேன்.

"நான் பிசிக்ஸுண்ணே," என்றேன்.

"அது சரி தம்பி. டெக்கு பிசிக்ஸ் படிக்கலையே," என்றார் அவர். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் டிவியில் டெக்கின் படத்தை வரவழைக்கவே முக்கால் பூசை நேரம் ஆனது. திருகைத் திருகினால் முதலில் மழை பெய்தது, பிறகு இலங்கை ரேடியோ மாதிரி ஏதோ இரைந்தது, பிறகு படம் ஏணிப்படியில் உருள்வதுபோல் மேலே மேலே ஓடியது. அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, "ஆள வேணாம்னயாமுல்ல?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் படம் நின்றது. சிவப்புச் சட்டை போட்ட மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து, கையைக் கூப்பினார்.

"இயேசுவுக்கே புகழ்."

"மரியே வாழ்க," என்று ஹாலில் இருந்த அத்தனை பேரும் டிவிக்குப் பதில் சொன்னார்கள். அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

அடுக்களை வாசலில் அக்கா காப்பித் தட்டோடு நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர்தான். ஆனால் விஷயத்துக்கு வரமாட்டேன் என்றார். இதுதான் என் கட்டில் என்றார். இதுதான் ஏ.சி. என்றார், போட்டுக் காட்டினார், அணைத்துக் காட்டினார். பிறகு பிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு தட்டாக அறிமுகம் செய்தார். தயிர், ஆப்பிள், மறுபடி தயிர். எனக்குத் தாங்கவில்லை. ஒரு மனுஷியின் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் தயிரைக் காட்டுகிறார். பொத்தானை அழுத்திப் படத்தை முன்னால் ஓட்டினேன். ரொம்ப ஓடிவிட்டது. பின்னால் ஓட்டினேன். மறுபடி தயிர். மறுபடி முன்னால்.

"அதப் போட்டு இழுக்காதடா," என்றார் அம்மா.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா," என்றேன். (இந்த வாக்கியத்தை நான் சொல்லி ஒன்றும் ஆகாமல் போனதே கிடையாது.)

சரியான இடம் வந்தது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"பொண்ணு ஒரு கேள்வி கேட்டாகன்னு ரீட்டா அத்த சொன்னாக. நல்ல கேள்விதேன். நானும் யோசிச்சேன். எதையும் மறைக்காம நேராவே சொல்லிப்புடுறேன். டீச்சர் வேலைய விடச் சொல்ல..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் ஒரு முறை கண்ணடித்தது. ஒரே ஒரு முறை. டெக் கர்ர்ர் என்றது. மாப்பிள்ளையின் முகம் குறுக்காக மடிந்து, திறந்த வாய் திறந்தபடி இரண்டாகப் பிளந்து, திரை முழுக்கப் பொரி பறந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஏதோ முறுக்கு மெல்லும் சத்தம் கேட்டது.

தமிழ் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆமாவா இல்லையா என்பதை வாக்கியத்தின் வாலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். விடச் சொல்ல மாட்டேனா? விடச் சொல்ல வேண்டியதுதானா? அந்த வாலைத்தான் டெக் மென்று கொண்டிருந்தது.

"'மாட்டேன்'னுதேன் சொல்ல வந்திருப்பாக. மொகத்தப் பாத்தாத் தெரியல?" என்றார் அம்மா.

"'நேராவே சொல்லிப்புடுறேன்'னுல்ல ஆரம்பிச்சாரு," என்றார் அப்பா. "நல்ல சேதிய எவன் நேராச் சொல்றான்? கெட்ட சேதிக்குத்தேன் அந்தப் பீடிகை."

"எங்க வீட்ல வேலைக்குப் போன மருமக யாருமில்லீக," என்றார் சூசை மாமா, யாரும் கேட்காமலே.

"நீங்க செத்தச் சும்மா இருங்க," என்றார் ரீட்டா அத்தை. அவரும் கேசட்டை அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டில் டெக் கிடையாது.

கடைக்காரரை அழைத்துவர ஓடினேன். கடை பூட்டியிருந்தது. பிள்ளையார்பட்டியில் ஒரு அறுபதாம் கல்யாணத்தை வீடியோ எடுக்கப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். திரும்பி வந்து, திருப்புளியை எடுத்து, டெக்கின் மூடியை நானே கழற்றினேன். உள்ளே பார்த்ததும் என் பிசிக்ஸ் மொத்தமும் ஆவியாகிவிட்டது. உருளைகளும் பல்சக்கரங்களுமாக என்னென்னவோ இருந்தன. அவற்றைச் சுற்றி நூடுல்ஸ் மாதிரி மாப்பிள்ளை சுற்றிக்கிடந்தார். மெதுவாக உருவினேன். உருவ முடியாத இடத்தில் கத்தரிக்கோல் வைத்தேன்.

வெட்டி எடுத்த துண்டு ஒரு முழம் இருக்கும். கசங்கி, நெளிந்து, சுருண்டிருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"எதும் தெரியுதாடா?" என்று அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். ஆச்சரியம் என்னவென்றால், நானும் அவரோடு சேர்ந்து உற்றுப் பார்த்தேன், 'மாட்டேன்' என்று எழுதியிருக்கும் என்பதுபோல.

யோசனை அம்மாவுடையது. செயல் என்னுடையது. "கசங்குனதுதானே? லேசா இஸ்திரி போட்டாச் சரியாயிராது?" என்றார் அம்மா. பட்டுத் துணிக்கு வைக்கிற சூடுதான் வைத்தேன். மேலே ஈரக் கைக்குட்டைகூடப் போட்டேன். இஸ்திரிப் பெட்டியை எடுத்தபோது மாப்பிள்ளையின் பதில் அதன் அடியில் பழுப்புக் கோடாக உருகி ஒட்டியிருந்தது. வீடு முழுக்க ஒரு நாற்றம்.

மிஞ்சிய இரண்டு முனைகளையும் செல்லோடேப் வைத்து ஒட்டி, மூடியைப் போட்டு ஓட்டினேன். அதிசயமாக ஓடியது. மாப்பிள்ளை மறுபடி தொண்டையைச் செருமினார்.

"டீச்சர் வேலைய விடச் சொல்ல..." ஒரு வெள்ளைக் கோடு. "...அம்புட்டுத்தேன். வேற ஒண்ணுமில்ல. எல்லாரும் சாப்புட்டீகளா?"

"இல்லப்பா," என்றார் சூசை மாமா டிவியைப் பார்த்து.

கடைசி முயற்சியாக மாப்பிள்ளையின் கம்பெனி நம்பரை வாங்கிக்கொண்டு பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று விரல் வலிக்கச் சுழற்றினேன். இந்தத் தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை மட்டும் யாரோ எடுத்தார்கள். "அந்தோணி இருக்காகளா?" என்று கத்தினேன். எதிர்முனையில் மலையாளத்தில் ஒருவர் நிதானமாக, நீளமாக, மிகவும் அன்பாக ஏதோ சொன்னார். அதில் 'சைட்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது, ஆள் வேலையிடத்துக்குப் போயிருக்கிறார் போல. அதற்குள் லைன் செத்துவிட்டது. பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டி, "கத்துனா மஸ்கட்டுக்கு நேராவே கேட்டுரும் தம்பி, போனெதுக்கு?" என்றார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ரீட்டா அத்தை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல சம்பந்தத்தை நான் இஸ்திரி போட்டு ஒழித்துவிட்டேன் என்பது அந்த ஹாலின் ஒவ்வொரு மூலையிலும் எழுதியிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அப்போதுதான் அக்கா அடுக்களை வாசலிலிருந்து ஹாலுக்கு வந்தாள்.

"அத்தை, கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு நான் பிள்ளைகளுக்குத் தினமும் கேள்வி கொடுக்குறவ. இதையும் நானே நிரப்பிடுறேன். வேலைய விட மாட்டேன். அவுக என்ன சொல்லியிருந்தாலும் சரி, இதுதான் விடை. இதுக்கு ஒங்க வீட்ல சம்மதம்னா ஓலைக்குப் பேர் குடுங்க. இல்லேன்னா காப்பியக் குடிச்சிட்டுச் சந்தோசமாப் போய்ட்டு வாங்க."

சூசை மாமா வாயைத் திறந்தார். ரீட்டா அத்தை அவர் தொடையில் கையை வைத்தார். வாய் மூடிக்கொண்டது.

"எங்கண்ணன் மகனும் அதத்தேன் சொல்லியிருப்பான்," என்றார் அத்தை. "சொல்லலேன்னாலும் சொல்லீட்டான்னு நான் சொல்லிக்கிறேன். கெளம்புங்க, சாமியாரப் போய்ப் பாத்துருவோம்."

ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் வரவில்லை. விபூதிப் புதனுக்கு முன்னால் கல்யாணமும் நடந்தது. மறுவீட்டு விருந்தில், இலையில் கோழி விழுந்து எல்லோரும் சந்தோஷமாக இருந்த நேரத்தில் அப்பா மெல்லக் கேட்டார். "மாப்பிள்ள, அந்தக் கேசட்டுல நீங்க என்னதேன் சொன்னீக?"

அத்தான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "அதுவா மாமா? 'டீச்சர் வேலைய விடச் சொல்லவா வேணாமான்னு எங்கம்மாவக் கேட்டுட்டுச் சொல்றேன்'னு சொன்னேன்."

நான் பரிமாறிக்கொண்டிருந்த ரச வாளியைக் கீழே வைத்தேன். அத்தனை பாடும் இதற்காகவா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பதிலே இல்லாத பதிலுக்காகத்தான் நான் டெக்கைப் பிரித்தேன், கத்தரி வைத்தேன், இஸ்திரி போட்டேன், மஸ்கட் வரைக்கும் கத்தினேன்.

அக்கா ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம்தான் இருக்கிறது. இப்போது தலைமையாசிரியை. இன்றைக்கும் வீட்டில் யாராவது ஆமாவும் சொல்லாமல் இல்லையும் சொல்லாமல் இழுத்தால், "இஸ்திரிப் பெட்டியக் கொண்டா" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது அத்தானுக்காகத்தான் வரும். நான் விருந்துக்குப் போனால் அக்கா பிள்ளைகள் டிவி ரிமோட்டை எடுத்து ஒளித்துவைக்கிறார்கள். அன்றைக்கு நான் கெடுத்ததால்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிவிட்டேன், ஒருவரும் காதில் வாங்குவதில்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் அன்றைய மறுவீட்டுப் பந்தியில்தான், அக்கா எனக்குச் சாதகமாகப் பேசினாள். அத்தானின் இலையில் இன்னொரு கோழித் துண்டை வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"அன்னைக்கு டெக்கு ஒழுங்கா ஓடியிருந்தா, இன்னைக்கு இந்த எலையில நீங்க உக்காந்திருக்க மாட்டீக."