பாரக்கல் அண்ணாச்சியின் எஞ்சினியர்

தூத்துக்குடியில் பொய் சொல்லாமல் வியாபாரம் செய்தவர்கள் இருந்திருக்கலாம்; நான் பார்த்ததில்லை. ஆனால் சொன்ன பொய்க்கு நாற்காலி வாங்கிப் போட்டு, ஆணியில் தொப்பி மாட்டி, காலையும் மாலையும் காப்பி வரவழைத்துக் கொடுத்த மனிதர் இந்தக் கடற்கரை முழுவதிலும் ஒருவர்தான். அவர் பாரக்கல் அண்ணாச்சி. அந்தக் காப்பியைக் குடித்தவள் நான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அது தேவைப்படவில்லை. பழைய மோட்டார் சாமான் வியாபாரி அவர். யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. சீமையிலிருந்து புதுச் சாமான் வருவது நின்று வருஷக்கணக்காகிவிட்டதால், பஸ் முதலாளிகள் ஒரு கார்புரேட்டர் கிடைத்தால் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார்கள். பட்டாளத்தார் ஏலம் விட்ட உடைசல் லாரிகளை அண்ணாச்சி வாங்கிக் கடற்கரைக் கொட்டகையில் பிரித்துப் போட்டிருந்தார். குளச்சலிலும் கொல்லத்திலும் நாகப்பட்டினத்திலும் அதற்குக் கை நீட்டிக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். அனுப்பத்தான் வழியில்லை. ரயிலுக்குப் பர்மிட் வேண்டும். லாரியில் அனுப்பலாமென்றால் லாரி ஓடச் சாமான் வேண்டும். அந்தச் சாமான் கொட்டகையில் கிடந்தது.

அண்ணாச்சி கடலைப் பார்த்தார். சரக்குக் கிடைக்காத தோணி வெறும் வயிற்றோடு போனால் கவிழ்ந்துவிடும். அதனால் அடியில் கல்லை அடுக்கிக்கொண்டு போகும். அதற்குத்தான் பாரக்கல் என்று பெயர். அண்ணாச்சி நேரே சூசைத் தண்டலிடம் போனார். தண்டல் என்றால் தோணியை ஓட்டுகிற தலைவர்.

"தண்டலே, கல்ல எதுக்குச் சொமக்குதீரு? என் எஞ்சினச் சொமயும். ரெண்டும் கனந்தான? கடலுக்குக் கல்லுன்னு தெரியுமா, காருன்னு தெரியுமா?"

"துருப் பிடிச்சு எந் தோணியக் கெடுத்துரும், அண்ணாச்சி."

"சுறா எண்ணெயில குளிப்பாட்டித் தாரேன். உம்ம தோணிய விடச் சுத்தமா இருக்கும்."

அவ்வளவுதான். தோணி வாடகை இல்லை. தண்டலுக்குப் புகையிலை, மாதா கோயிலுக்கு மெழுகுதிரி. வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: தோணி திரும்பிப் போகவும் பாரம் வேண்டுமே, அதனால் சாமானின் எடைக்குச் சரியாகக் கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுவர வேண்டும். குளச்சல் மணலில் பெரிய மனிதர்கள் வண்டி நிறையக் கல்லோடு நின்று, பின்பக்க ஆக்ஸிலை வாங்கிப் போன காட்சியை நான் பிற்பாடு பார்த்திருக்கிறேன். கடவுளுக்குக்கூட யாரும் அவ்வளவு பணிவாகக் காணிக்கை கொண்டுபோவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. சுறா எண்ணெய் நாற்றம் என்ன கழுவியும் போகாது. கொல்லத்துப் பக்கம் ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர் ஊராகப் பூனைகள் ஓடின என்றும், ஸ்டாப்பில் ஜனங்களுக்கு முன்னால் அவைதான் ஏறி உட்கார்ந்தன என்றும் புகார் வந்தது. அண்ணாச்சி அசரவில்லை. "டிக்கெட்டு போடச் சொல்லுங்க" என்று பதில் அனுப்பினார்.

எடை பார்த்துப் பார்த்து அவருக்கு உலகமே தராசாகிவிட்டது. முத்துக்குளிக்கிற மூழ்காளிகள் காலில் கட்டிக் கடலில் இறங்கும் கல், குளிப்பு நின்று வெகுகாலமாகிச் சும்மா கிடந்தது; அதைத்தான் எடைக்கல்லாக வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதுவதற்கு முன் மணமேடையை ஒரு பார்வை பார்ப்பார். "மாப்பிள ஒரு ஃபோர்டு எஞ்சின் இருப்பாரு. பொண்ணு ரேடியேட்டர். மணமேட தாங்காது, கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க." இதை அவர் ரகசியமாகச் சொன்னதில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுத்தத்துக்காகச் சென்னையில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பு திறந்தார்கள். ஆண்கள் போதாமல் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மோட்டாரைக் கழற்றவும் பூட்டவும், மைக்ரோமீட்டர் பிடிக்கவும், தேய்மானம் அளக்கவும் கற்றுக்கொண்டேன். யுத்தம் முடிந்தது. கையில் சர்டிபிகேட்டைக் கொடுத்து, தேசத்துக்குச் செய்த சேவைக்கு நன்றி என்றார்கள். அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து, ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக ஏறினேன். கிடைத்த பதில்களை என் வழக்கப்படி வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: சிரித்தவர்கள், சிரிப்பை அடக்கியவர்கள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்கள். இந்த மூன்றிலும் சேராதவர் பாரக்கல் அண்ணாச்சி ஒருவர்தான். அவர் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ ஒன்றைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"இது உசுரோட இருக்கா, செத்துட்டா?"

திறந்து பார்த்துச் சொன்னேன்.

"நாளைக்கே வா. ஆனா ஒண்ணு. பொம்பளப்புள்ள பாத்த சாமானுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் கையால தொட மாட்டான். நீ தட்டிக்கு உள்ள இருந்துக்கிடு. வெளிய நாம் பாத்துக்கிடுதேன்."

கொட்டகையின் மூலையை ஓலைத் தட்டி வைத்து மறைத்தார். உள்ளே நான். வெளியே, தட்டியின் ஓரத்தில் எல்லார் கண்ணுக்கும் படும்படி, ஒரு தொப்பி. இப்படித்தான் 'எஞ்சினியர்' பிறந்தார்.

"எஞ்சினியர் உள்ள இருக்காரு. சத்தம் போடாதீங்க. சீமையில படிச்சவரு. தமிழ்ல பேசுனா நாக்கு வலிக்கும் அவருக்கு."

நான் மெதுவாகச் சொல்வேன். அவர் உரக்கச் சொல்வார். இடையில் விஷயம் வளரும். "இந்த பேரிங் தேஞ்சிருக்கு, கொடுக்க வேண்டாம்" என்று நான் சொன்னால், வெளியே அது, "இந்த பேரிங்கக் குடுத்தா ராஜினாமா பண்ணிருவேன்னு சொல்லுதாரு எஞ்சினியர்! காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல, அம்புட்டுக் கோவம்!" என்று போய்ச் சேரும். பேரிங் கேட்டு வந்தவர் தட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். பெண் சொன்னால் கேலி. அதே வார்த்தை ஒரு தொப்பியிடமிருந்து வந்தால் கும்பிடு.

எஞ்சினியருக்கு மரியாதைகள் வந்தன. சுருட்டுப் பெட்டி வந்தது, கைத்தடி வந்தது, கடைசியில் வரனும் வந்தது. குலசேகரன்பட்டினத்து லாரிக்காரர் ஒருவர் தம் மகளின் போட்டோவோடு வந்து, தட்டிக்கு வெளியே பாயில் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டுமா, அண்ணாச்சி?"

"எஞ்சினியருக்கா? வேலைய விட்டுத் தல நிமுந்து ஒரு பொண்ணப் பாத்தது கெடயாது."

போட்டோ தட்டி இடுக்கு வழியாக உள்ளே வந்தது. நல்ல கண்கள் அந்தப் பெண்ணுக்கு. நகத்தில் கிரீஸ் இருக்கிறதென்று எனக்கு ஒரு வரனும் வராத வருஷம் அது. எஞ்சினியருக்கு எப்படி வந்தது பாருங்கள்!

இனி, கியர்பெட்டி. நாகர்கோவிலில் பல பஸ்களுக்குச் சொந்தக்காரரான முதலாளி ஒருவர் எங்களிடம் ஒரு கியர்பெட்டி வாங்கினார். எல்லாத் துவாரத்தையும் மரக்கட்டையும் மெழுகுத் துணியும் வைத்து அடைத்து, உள்ளே எண்ணெய் நிரப்பி நான் அனுப்பினேன். தோணி குளச்சலுக்குப் போயிற்று. முதலாளியின் ஆள் கல்லோடு காத்திருந்தான். ஆனால் சூசைத் தண்டல் கியர்பெட்டியை இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதை நடுவில் வைத்த நாள் முதல் தோணி நூல் பிடித்தாற்போல் போகிறதாம். எடுத்தால் ஆட்டம் கண்டுவிடுமாம். கியர்பெட்டிக்குச் செபமாலை வேறு போட்டிருந்தார்.

"கல்லு வேண்டாம் மக்கா, கொண்டு போ. இது எங்கூட இருக்கட்டும்."

கியர்பெட்டி கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் குளச்சலுக்குமாகப் பிரயாணம் செய்துகொண்டேயிருந்தது. முதலாளி தந்தி அடித்தார். அண்ணாச்சி பதில் தந்தி அடித்தார்: 'கியர்பெட்டி சுகம். தற்சமயம் கொழும்பு போயிருக்கிறது.' கடைசியில் முதலாளியே இரட்டிப்புக் கல்லோடு குளச்சல் கரையில் வந்து நின்றார். தண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறக்கிக் கொடுத்தார்.

அத்தனை காலம் தோணியின் அடியில் கடல் தண்ணீர் பட்டுக் கிடந்த சாமான் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பூட்டிய அன்றே புதுசு போல ஓடியது. முதலாளிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. காரைப் போட்டுக்கொண்டு நேரே தூத்துக்குடிக்கு வந்துவிட்டார்.

"வே அண்ணாச்சி, எஞ்சினியரைக் கூப்பிடும். அவரு எனக்கு வேணும். ஒர்க்‌ஷாப்ப முழுசா அவரு கையில குடுக்கேன். இருக்க வீடு தாரேன். நாப்பது பஸ்ஸுக்கும் அவரு சொல்லுததுதான் சட்டம்."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். லேத். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கப் பள்ளம். தலைக்கு மேல் வெளிச்சம். என் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள். நான் படித்தது இதற்குத்தான். வேறு எதற்கும் அந்தப் படிப்பு உதவாது என்பதை அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

அண்ணாச்சி வெளியே தம் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். "அவரு வர மாட்டாரு முதலாளி. கடக்காத்து இல்லன்னா அவருக்கு மூச்சு முட்டும். டாக்டரு சொல்லியிருக்காரு."

தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கையில் ஸ்பானர் இருந்தது; வைத்துவிட்டு வரத் தோன்றவில்லை.

"நான்தான் எஞ்சினியர்" என்றேன்.

முதலாளி என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். காலி நாற்காலி. பிறகு சிரித்தார். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் தப்பித்துக்கொள்ள ஒரு வழியும் விட்டார். அண்ணாச்சி பக்கம் திரும்பி, "வெளையாட்டுக்குச் சொல்லுது புள்ள, என்ன வே?" என்றார்.

அண்ணாச்சி வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. 'ஆமாம்' என்ற ஒரு வார்த்தை போதும். தினமும் காப்பிக்கு முன்னால் அதைவிடப் பெரிய பொய் ஒரு டஜன் சொல்கிற வாய் அது. திறந்தது. ஒரு முறை மூடிக்கொண்டு மறுபடி திறந்தது.

"இல்ல முதலாளி. இந்தப் புள்ளதான். கியர்பெட்டியும் இவ பாத்ததுதான். மொதல்லருந்தே இவதான்."

"பொட்டப்புள்ள கை வச்ச சாமானா எம் பஸ்ஸுல ஓடுது?"

"ஓடுதுல்லா?"

"ஓடுதுதான். அதுக்காக?"

அந்த 'அதுக்காக'வுக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

முதலாளி ஊருக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திக் கியர்பெட்டியைக் கழற்றித் திருப்பி அனுப்பினார். வேறு எங்கிருந்தோ வேறொன்று வாங்கிப் போட்டார். அந்த பஸ் மேட்டில் நின்று போயிருக்கும், முதலாளி புத்தி வந்து திரும்பியிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. நன்றாகவே ஓடிற்று. இப்போதும் ஓடுகிறது.

செய்தி தோணியைவிட வேகமாகக் கரையெல்லாம் போயிற்று. சாமான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எஞ்சினியர் ஒரு நாளாவது வெற்றிலை கேட்டு வெளியே வராதபோதே தமக்குச் சந்தேகம் வந்ததாக ஒருவர் சொன்னார். குலசேகரன்பட்டினத்து லாரிக்காரர் வாசலில் நின்று கத்தினார்: "ஒரு பொம்பளைக்கா எம் மவ போட்டோவக் காட்டுன? வெக்கமா இல்ல?" போட்டோவைத் துடைத்துக் கொடுத்தேன். இந்த விவகாரத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் சூசைத் தண்டல். திரும்பி வந்த கியர்பெட்டியை அவர் மாலை போட்டு வரவேற்றுத் தோணியில் ஏற்றிக்கொண்டார்.

அண்ணாச்சி பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று எழுத ஆசைதான். நடந்துகொள்ளவில்லை. காலையில் என்னைக் கண்டதும் ஆரம்பிப்பார். "ஏளா, ஒரு நிமிசம் வாய மூடிக்கிட்டு உள்ள இருந்திருந்தா என்னளா? தட்டி ஒன்னயக் கடிச்சுதா?" மத்தியானம் இரண்டாம் ஆவர்த்தி. சாயங்காலம் அன்று திரும்பி வந்த சாமான்களைக் காட்டி மூன்றாவது. ஆனால் என்னைத் தட்டிக்கு உள்ளே போகச் சொல்லவில்லை. வெளியே, வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். வருகிறவர்கள்தான் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் உடைத்து உருக்குகிறவர்களுக்கு இரும்பு விலைக்குப் போட்டுவிட்டுக் கொட்டகையைக் காலி செய்தார்.

நான் இப்போது சென்னையில் ஓர் ஆபீசில் இருக்கிறேன். ஆண்கள் பென்சிலில் போட்ட யந்திரப் படங்களின் மேல் மெல்லிய தாளை வைத்து மையால் நகல் எடுக்கும் உத்தியோகம். படத்தில் தவறு இருந்தால் தவறையும் ஒழுங்காக நகல் எடுக்க வேண்டும். திருத்தினால் கோபிக்கிறார்கள். படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் வேறு.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அண்ணாச்சியைப் பார்த்தேன். யாருடைய உப்பளத்திலோ மூட்டைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். நரைத்துவிட்டார். உப்பு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரு, எஞ்சினியரா? அங்கன நிக்காத, இங்கன நெழலுக்கு வா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இத்தனை நாள் கேட்காததை அன்று கேட்டேன். "அன்னைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. உங்களுக்கு அது ஒரு கஷ்டமா?"

"வாய் வரைக்கும் வந்துட்டுளா." அடுத்த மூட்டையை ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். முள் அசைந்து நின்றதும் எடையைக் குறித்துக்கொண்டார். "நீ அங்கன நின்ன நெலயப் பாத்தேன். நாம் மட்டும் ஆமான்னு சொல்லிட்டா, மறுநா காலையில நீ வேலைக்கு வர மாட்டியேன்னு இருந்துச்சு."

எனக்குப் போக வேறு இடம் ஏது? மறுநாளும் வந்திருப்பேன். அதே தட்டிக்குப் பின்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இதை நான் அவரிடம் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன்.